திரை திடீரென்று கறுத்துவிட்டதா? செலவு செய்யமுன் பார்க்க வேண்டியவை

சாம்பல்தீவிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். வீட்டுக் கொம்பியூட்டர் முந்தநாள் இரவு வரை ஒழுங்காக வேலை செய்தது. மறுநாள் காலை பட்டனை அழுத்தினால் பெட்டிக்குள் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மொனிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்' என்று வந்து பிறகு கறுத்துப்போகிறது. அதற்கு முந்திய கிழமை இடைக்கிடை திரையில் கோடுகளும் வந்து போயிருக்கின்றன. பார்க்க வந்த ஒருவர் கிராஃபிக்ஸ் கார்ட் செத்துவிட்டது, புதிது போட வேண்டும் என்றாராம். இன்னொருவர் ஃபோர்மட் அடித்தால் சரிவரும் என்றாராம். மகள் கோணேசபுரி கெம்பஸில் கடைசி வருடம், புரொஜெக்ட் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம் என்பது கேள்வி.

அக்கா, முதலில் மகளுக்கு ஆறுதல் சொல்லுங்கள். அவருடைய வேலை ஹார்ட் டிஸ்கிலோ எஸ்எஸ்டியிலோ இருக்கிறது. திரையில் படம் வராததற்கும் அதற்குள் இருக்கும் ஃபைல்களுக்கும் சம்பந்தமில்லை. அவற்றை அழிக்கக்கூடிய ஒரே காரியம், அந்த இரண்டாவது ஆள் சொன்ன ஃபோர்மட்தான். அதற்கு யாரையும் விடாதீர்கள். இப்படி ஒரு கொம்பியூட்டரில் ஃபோர்மட் அடித்து எந்தப் பலனும் இல்லை என்பதற்குக் காரணமும் சொல்கிறேன். பட்டனை அழுத்தியதும் முதலில் தெரியும் படம், அதாவது கம்பனியின் பெயரோ சில வெள்ளை எழுத்துகளோ, மதர்போர்டில், அதாவது எல்லாச் சாமானும் பூட்டியிருக்கும் பெரிய போர்டில், இருக்கும் பயோஸ் என்ற தொடக்கப் புரோகிராம் வரைவது. அந்த நேரத்தில் விண்டோஸ் இன்னும் டிஸ்கை விட்டு எழும்பவே இல்லை. அந்த முதல் படமே வரவில்லை என்றால் டிஸ்கில் இருப்பது எதுவும் அதற்குக் காரணமாக முடியாது.

திரையில் படம் வருவது ஒரு நீளமான வழி. பவர் சப்ளை கரண்டைக் கொடுக்க வேண்டும், ரேம் என்ற தற்காலிக நினைவக அட்டையும் புரொசசரும் எழும்ப வேண்டும், கிராஃபிக்ஸ் பகுதி படத்தை வரைய வேண்டும், அது பின்பக்கத்துச் சொக்கெட்டால் வெளியேறிக் கேபிளில் ஓட வேண்டும், மொனிட்டருக்குள் இருக்கும் போர்ட் அதை வாங்கித் திரையில் போட வேண்டும், திரைக்குப் பின்னால் வெளிச்சமும் எரிய வேண்டும். பைப்பில் தண்ணீர் வரவில்லை என்றால் டாங்கியில் இல்லையா, இடையில் அடைத்ததா, பைப்பின் வாயே பழுதா என்று பார்ப்போமே, அதே மாதிரி எந்த இடத்தில் படம் நிற்கிறது என்று பிடிக்க வேண்டும். அதைப் பிடிக்காமல் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பதில்தான் எங்கள் சனத்தின் காசு வீணாகப் போகிறது. கிராஃபிக்ஸ் கார்ட் இந்த வழியில் ஒரு கண்ணி மட்டும். மற்றவற்றைப் பார்க்காமல் அதைச் செத்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்களுக்கு 'நோ சிக்னல்' என்று எழுத்து வருகிறது. இது நல்ல செய்தி. அந்த எழுத்தைக் காட்டுவது மொனிட்டர். எழுத்து தெரிகிறது என்றால் மொனிட்டருக்குக் கரண்ட் வருகிறது, திரை வேலை செய்கிறது, பின்வெளிச்சமும் எரிகிறது. மொனிட்டரைப் பற்றிய கவலையில் முக்கால்வாசி அதோடு தீர்ந்தது. மிச்சம் இருப்பது அதன் சொக்கெட், கேபிள், பெட்டி.

அந்த எழுத்துக்கூட வராதவர்களுக்கு வேறு வழி. மொனிட்டரின் சின்ன லைட் எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் கரண்ட் வயர், அடப்டர், சுவரில் இருக்கும் பிளக். எரிகிறது, ஆனால் திரை கறுப்பு என்றால், அறையை இருட்டாக்கி, டோர்ச்சைத் திரைக்குக் கிட்டப் பிடித்துச் சரிவாக அடித்துப் பாருங்கள். மங்கலாக விண்டோஸின் ஐகன்களோ மவுஸ் அம்போ தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்வெளிச்சம் மட்டும் போயிருக்கிறது. பழைய எல்சிடி மொனிட்டர்களில் போட்டவுடன் இரண்டு வினாடி படம் வந்து, டக்கென்று கறுத்துப்போகும். அதுவும் பெரும்பாலும் பின்வெளிச்சமோ அதற்குக் கரண்ட் கொடுக்கும் போர்டோதான். அந்தப் போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை வீங்கியிருக்கும். பழகிய ஒரு ரிப்பேயர்காரர் சின்னச் செலவில் மாற்றிக் கொடுப்பார். நீங்களே மொனிட்டரைத் திறக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும்.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். கேபிளின் இரண்டு முனையையும் கழற்றி வடிவாகப் பாருங்கள். நீல நிறத் தலையும் இரண்டு பக்கம் திருகும் உள்ள விஜிஏ கேபிள் என்றால், உள்ளே மூன்று வரிசையாக 15 ஊசி இருக்க வேண்டும். நடு வரிசையில் ஒன்பதாவது ஊசி பல கேபிள்களில் செய்யும்போதே விடப்பட்டிருக்கும், அதைப் பார்த்து உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். வேறு ஊசி வளைந்திருந்தால்தான் பிரச்சினை. படம் வந்து நிறம் மட்டும் மாறிப்போகிறவர்களுக்கும் இதே இடம்தான். சிவப்பு ஊசி தொடாவிட்டால் படம் பச்சை கலந்த நீலமாகும், பச்சை தொடாவிட்டால் ரோசாவாகும், நீலம் தொடாவிட்டால் மஞ்சளாகும். நிறத்தைப் பார்த்தே எந்த ஊசி என்று சொல்லிவிடலாம். எச்டிஎம்ஐ கேபிளில் திருகு இல்லை. மேசையைத் துடைக்கும்போது, பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தும்போது அது அரைவாசி கழன்று நிற்கும். பார்த்தால் பூட்டியதுபோலவே இருக்கும்.

பின்பக்கத்தில் இன்னொன்றையும் பாருங்கள். தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள பெட்டியில் மொனிட்டர் கொழுவும் சொக்கெட் இரண்டு இடத்தில் இருக்கும். மேலே, யூஎஸ்பி சொக்கெட்டுகளோடு சேர்ந்திருப்பது மதர்போர்டுடையது. கீழே தனியாகக் கிடையாக இருப்பது கார்டுடையது. கார்ட் இருக்கும்போது பல மதர்போர்டுகள் தங்கள் சொக்கெட்டை மூடிவிடும். வீடு கூட்டிக் கழுவிய பிறகு கேபிளை மாற்றிக் கொழுவிவிட்டு, 'திடீரென்று படம் வரவில்லை' என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் நிறைய. அதேபோல மொனிட்டரில் விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டும் இருந்தால், அதன் மெனுவில் நீங்கள் கொழுவியது எதுவோ அதுதான் தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் எச்டிஎம்ஐ உள்ள டிவி இருந்தால் அதில் ஒருமுறை கொழுவிப் பார்ப்பது இன்னும் நல்லது. கேபிள், மொனிட்டர் இரண்டையும் ஒரே அடியில் சோதித்ததாகிவிடும்.

அடுத்ததுதான் நான் மிகவும் நம்பும் சோதனை. பெட்டியைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் விட்டு, கீபோர்டில் நம் லொக் பட்டனை அழுத்துங்கள். லேப்டொப் என்றால் கெப்ஸ் லொக். அதற்குரிய சின்ன லைட் எரிந்து எரிந்து அணைகிறதா? அந்த லைட்டை எரிய வைப்பது கீபோர்ட் அல்ல, பெட்டிக்குள் ஓடும் பயோஸோ விண்டோஸோதான். ஆகவே லைட் மாறுகிறது என்றால் கொம்பியூட்டர் உயிரோடு இருக்கிறது, படத்தை மட்டும்தான் வெளியே அனுப்பவில்லை. அப்போது கார்ட், சொக்கெட், கேபிள் மேல் சந்தேகம். லைட் அசையவே இல்லை என்றால் பெட்டி எழும்பவே இல்லை, ஃபேன் மட்டும் சும்மா சுற்றுகிறது. அப்போது என்னுடைய முதல் சந்தேகம் கார்ட் மேல் போகாது, ரேம் மேல்தான் போகும். சில புதிய மதர்போர்டுகளில் ஓரத்தில் சிபியு (புரொசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு குட்டி லைட்டுகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடை. பக்கக் கதவைத் திறந்து அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேம் மேல் ஏன் சந்தேகம் என்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எங்கள் ஊரின் நோய். திருகோணமலை நகரம் ஒரு பக்கம் உள்துறைமுகத்துக்கும் மறுபக்கம் திறந்த கடலுக்கும் நடுவே கிடக்கிறது. சாம்பல்தீவு, உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர் எல்லாம் கடலை ஒட்டியவை. அலை உடையும் இடத்திலிருந்து உப்புத் துகள் காற்றோடு வீட்டுக்குள் வருகிறது. ஜன்னல் கம்பி கறள் பிடிப்பதை எல்லோரும் பார்க்கிறோம், அதே உப்பு பெட்டிக்குள்ளும் போகிறது, ஃபேனே அதை இழுத்து உள்ளே விடுகிறது. காற்றில் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். ஐப்பசி பிறந்து மாரி தொடங்கியதும் எங்கள் வீடுகளில் உப்புப் போத்தலுக்குள் நடப்பது அதுதான். ரேமின் அடியில் இருக்கும் தங்க நிறத் தகடுகளில் தங்கம் மிக மெல்லிய பூச்சு. அதில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு. உப்பு ஈரம் அதற்குள் இறங்கினால் கீழே இருக்கும் நிக்கலும் செம்பும் கறள் பிடித்து, தகட்டின் மேல் கரண்ட் கடக்காத ஒரு படலம் படியும். ரேமில் நூற்றுக்கணக்கான தகடுகள் உண்டு. அதில் ஒன்று தொடாமல் போனாலே பெட்டி எழும்பாமல், படமும் வராமல் போகலாம். கோடையில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஈரம் குறையும், அதற்குப் பதிலாகப் புழுதி வந்து சேரும். பல நாள் பூட்டி வைத்த கொம்பியூட்டர் எழும்பாமல் போவதும் இதனால்தான். தினமும் போடும் பெட்டி தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும்.

துப்புரவு செய்வது கஷ்டமில்லை, அவசரப்படாமல் செய்தால் போதும். பெட்டியின் கரண்ட் வயரை முற்றாகக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. கழற்றிய பிறகு பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிஞ்சிய கரண்ட் வடிந்துவிடும். பெட்டியின் வர்ணம் இல்லாத உலோகப் பகுதியில் ஒருமுறை கை வையுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின் அதோடு போகும். முதலில் எது எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரேமின் இரண்டு முனையிலும் இருக்கும் கிளிப்பை விரித்தால் அது மேலே வரும், சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப். ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, தகடுகளை வெள்ளை அழிரப்பரால், பென்சில் எழுத்தை அழிக்கும் மெதுவான அழிரப்பரால், லேசாகத் தேயுங்கள். பேனை மை அழிக்கும் சொரசொரப்பான பக்கம் தங்கத்தையே உரித்துவிடும், அது வேண்டாம். தேய்ப்பதைப் பெட்டியிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள், தூள் சொக்கெட்டுக்குள் விழக்கூடாது. எலெக்ட்ரோனிக்ஸ் கடையில் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் கிடைத்தால் சுத்தமான துணியில் தொட்டுத் துடைப்பது அதைவிட நல்லது. பெற்றோல், சென்ட், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம்.

திரும்பப் பூட்டும்போது, தகட்டின் நடுவே இருக்கும் வெட்டும் சொக்கெட்டில் இருக்கும் மேடும் நேராக வர வேண்டும். இரண்டு பெருவிரலாலும் அழுத்தினால் கிளிப் 'டிக்' என்று தானாக மூடும். அந்தச் சத்தம் கேட்கும் வரை அது பூட்டியதாகக் கணக்கில்லை. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை மட்டும், பிறகு சொக்கெட்டை மாற்றி. டிடிஆர் 5 ரேம் உள்ள புதிய பெட்டி என்றால், ரேமைக் கழற்றிப் பூட்டிய பிறகு முதல் தடவை படம் வரச் சில நிமிடம் எடுக்கலாம். அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பெட்டிக்கு இந்த இடத்திலேயே உயிர் வந்துவிடும் என்று நான் நிறைய எதிர்பார்க்கிறேன்.

வரவில்லை என்றால் கார்டைச் சோதிப்போம். இதற்கும் புதிய கார்ட் தேவையில்லை. பல புரொசசர்களுக்குள்ளேயே ஒரு கிராஃபிக்ஸ் பகுதி உண்டு. கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு, கார்டின் திருகைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் பூட்டை விடுவித்து, கார்டை வெளியே எடுங்கள். கேபிளை மதர்போர்டின் சொக்கெட்டில் கொழுவிப் போட்டுப் பாருங்கள். படம் வந்தால் முதலில் வந்தவர் சொன்னது சரியாக இருக்க நிறைய இடமுண்டு. ஆனாலும் அதே கார்டின் தகடுகளை அழிரப்பரால் துடைத்துப் பூட்டிப் பார்த்த பிறகுதான் முடிவு சொல்ல வேண்டும், ரேமைப் பிடிக்கும் உப்பு கார்டையும் பிடிக்கும். பெரிய கார்ட் என்றால் அதற்கு பவர் சப்ளையிலிருந்து தனியாக 6 ஊசி அல்லது 8 ஊசி வயர் வரும். சொக்கெட்டால் மட்டும் கிடைப்பது 75 வாட்தான், அந்த வயர் கழன்றிருந்தால் ஃபேன் சுற்றும், படம் வராது. இன்டெல் புரொசசரின் இலக்கம் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தாலோ, 7000 வரிசைக்கு முந்திய ரைசனில் 'ஜி' என்ற எழுத்து இல்லாவிட்டாலோ உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, இந்தச் சோதனை பலிக்காது. அப்போது தெரிந்தவர் வீட்டில் ஒரு கார்டை அரை மணித்தியாலம் இரவல் வாங்கிப் பாருங்கள்.

கார்ட் இல்லாமலும் படம் இல்லை என்றால், மதர்போர்டில் இருக்கும் ரூபாய்க் குற்றியளவு பற்றரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். வயர் கழன்றிருக்கும்போதுதான் செய்ய வேண்டும். பயோஸின் குழம்பிய செட்டிங்குகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். கொஞ்ச நாளாகத் திகதியும் நேரமும் பிழையாகக் காட்டியிருந்தால் பற்றரியையே மாற்றுங்கள். சிஆர் 2032 என்று கேட்டால் மணிக்கூட்டுக் கடையிலும் தருவார்கள்.

இனி, முந்திய கிழமை வந்துபோன கோடுகள். பெட்டி எழும்பிய பிறகு அவை திரும்ப வந்தால் இரண்டு சோதனை செய்யுங்கள். கோடு தெரியும்போது மொனிட்டரின் பட்டனை அழுத்தி அதனுடைய சொந்த மெனுவைத் திறவுங்கள். அந்த மெனுவை வரைவது மொனிட்டர். கோடு மெனுவின் மேலாலும் போகிறதென்றால் பழுது மொனிட்டரில். மேலிருந்து கீழ் வரை ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் நிறக்கோடு பெரும்பாலும் இந்த வகை. திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டி கழன்றிருக்கும். அதைத் திருத்துகிறேன் என்று காசு வாங்குபவரிடம் கவனமாக இருங்கள், தட்டிக்கொடுத்தால் வரும், இரண்டு கிழமையில் திரும்பிப் போகும். திரையை மாற்றப் போகும் செலவுக்கு ஒரு பாவித்த மொனிட்டரே வாங்கிவிடலாம்.

மெனு சுத்தமாக இருந்து பின்னால் உள்ள படம் மட்டும் குழம்பியிருந்தால், கீபோர்டில் விண்டோஸ் கீயோடு பிரின்ட் ஸ்கிரீனை அழுத்தி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். எடுத்த படத்தை வட்ஸ்அப்பிலோ மெயிலிலோ உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போன் கமராவால் திரையைப் படம் எடுப்பது இதற்கு உதவாது, ஸ்கிரீன்ஷொட்தான் வேண்டும். அது கொம்பியூட்டரின் நினைவகத்தில் இருக்கும் படத்தின் பிரதி, கேபிளுக்குள் அது இன்னும் இறங்கவே இல்லை. போனில் பார்க்கும்போதும் கோடும் கட்டமும் இருந்தால் பழுது படம் வரையப்படும் இடத்திலேயே, அதாவது கார்டிலோ, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரிலோ. போனில் சுத்தமாகத் தெரிந்தால் பழுது அதற்குப் பிறகு, கார்டின் சொக்கெட், கேபிள், மொனிட்டரின் சொக்கெட் இவற்றில் எங்கோ. ஒரு சதம் செலவில்லாமல் பாதி வழியைக் கழித்துவிடும் இந்தச் சோதனையைத் திருத்த வருபவர்களே பலர் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை.

டிரைவரா கார்டா என்று பிரிக்க, பெட்டி போடும்போது பயோஸுக்குள் போய்ப் பாருங்கள். சில பெட்டிகளில் டிலீட் கீ, சிலதில் எஃப்2. அங்கே விண்டோஸின் டிரைவர் கிடையாது. அங்கேயும் கோடு, புள்ளி, விசித்திர எழுத்துகள் வந்தால் கார்டின் வன்பொருள்தான் போகிறது. அங்கே சுத்தமாக இருந்து விண்டோஸில் மட்டும் குழம்பினால் பெரும்பாலும் டிரைவர். கேம் ஆடும்போதும் வீடியோ செய்யும்போதும் மட்டும் கட்டம் கட்டமாக வந்தால் சூடு. கார்டின் ஃபேன் சுற்றுகிறதா, இடுக்கில் புழுதி அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். செத்த கார்டை ஹீட் கன் பிடித்துச் சூடாக்கி 'உயிர் கொடுத்து' விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கார்ட் சில கிழமை ஓடிவிட்டு நின்றுவிடும். பாவித்த கார்ட் வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

மென்பொருள் பக்கத்துப் பிரச்சினைகள் சுலபமானவை, கெதியாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்தால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு சின்னச் சத்தத்தோடு கிராஃபிக்ஸ் டிரைவர் திரும்பத் தொடங்கும், திறந்திருக்கும் வேலை எதுவும் அழியாது. விண்டோஸ் கீயும் மற்றப் பியும் (P) சேர்த்தால் படம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று கேட்கும். டிவியில் கொழுவிப் படம் பார்த்துவிட்டு, 'இரண்டாவது திரை மட்டும்' என்று விட்டுப்போன வீடுகளில் இது உதவும். 'அவுட் ஒஃப் ரேஞ்ச்' என்று மொனிட்டர் சொன்னால் யாரோ அதற்குத் தாங்காத அளவைத் தெரிவு செய்திருக்கிறார்கள். மாற்றிய உடனேயே என்றால் ஒன்றையும் தொடாமல் 15 வினாடி இருங்கள், விண்டோஸ் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அப்டேட் வந்த மறுநாள் குழம்பினால், விண்டோஸ் ஏறும்போது பவர் பட்டனைப் பிடித்து நிறுத்துவதை இரண்டு மூன்று தடவை செய்ய, திருத்தும் பக்கம் வரும். அங்கிருந்து சேஃப் மோடுக்குப் போய், டிவைஸ் மனேஜரில் டிஸ்பிளே அடப்டர்ஸைத் திறந்து, 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள்.

கரண்டைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடிமின்னல் கூட. மின்னல் மின்சார சபையின் வயரால் மட்டும் வருவதில்லை, செம்பு டெலிபோன் வயராலும் டிவி அன்டெனா வயராலும் வரும். யூபிஎஸ் இருக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள். வானம் கறுத்து முழங்கத் தொடங்கினால் பிளக்கையும் ரவுட்டரின் வயரையும் கழற்றுங்கள். இடிக்கு மறுநாள் எச்டிஎம்ஐ சொக்கெட் மட்டும் செத்து, அதே மொனிட்டர் விஜிஏயில் நன்றாக ஓடுவதைக் காணலாம். அப்படியானால் மொனிட்டரை எறியத் தேவையில்லை.

எர்த்தும் முக்கியம். மூன்று கால் பிளக்கை இரண்டு கால் அடப்டரில் திணித்துப் போடும் வீடுகளில் பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் கூசும். பவர் சப்ளையின் வடிகட்டி கசியவிடும் கரண்ட் போக எர்த் இல்லாததால், 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அந்த உலோகத்தில் நிற்கும். அந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் டிவியோடு எச்டிஎம்ஐயைக் கொழுவும் கணத்தில் சொக்கெட் எரிந்துபோகலாம். கூசுகிறதென்றால் எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், ஆளுக்கும் அது ஆபத்து. கேபிளை எப்போதும் இரண்டையும் நிறுத்திவிட்டுக் கொழுவுங்கள். தண்ணீர் மோட்டர் எழும்பும்போது திரை ஒருதரம் சிமிட்டினால் அது வோல்டேஜ் விழுவது, கார்டின் பிழையல்ல.

பல்லியும் எறும்பும் பெட்டியின் சூட்டைத் தேடி வரும். பவர் சப்ளைக்குள் பல்லி போய்ச் செத்தால் பட்டென்று ஒரு சத்தத்தோடு எல்லாம் நிற்கும். பின்பக்கத்தில் திறந்து கிடக்கும் ஓட்டைகளைத் தகட்டால் மூடுங்கள். பவர் சப்ளையைத் திறந்து எடுக்கப் பார்க்காதீர்கள், அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். முழுதாக மாற்றுவதுதான் சரி.

லேப்டொப்காரருக்கு ஒரு வார்த்தை: மூடியை மெதுவாக அசைக்கும்போது படம் வந்து வந்து போனால் மடிப்புக்குள் ஓடும் வயர் நைந்திருக்கிறது. வெளி மொனிட்டரில் கொழுவினால் படம் ஒழுங்காக வந்தால் அது உறுதி. மதர்போர்ட் மாற்ற வேண்டும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், போகமுன் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வையுங்கள். படம் வருகிறதா என்று பார்க்க டிஸ்க் தேவையில்லை. 'கார்ட் பழுது' என்று சொல்ல வேண்டாம், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: நம் லொக் லைட் மாறியதா, கார்ட் இல்லாமல் படம் வந்ததா, எந்த ரேமோடு வந்தது. வேறு நல்ல கார்டை உங்கள் கண்முன் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள், மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். நல்ல திருத்துநர் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார்.

மகளுக்கு ஒப்படைக்கும் திகதி கிட்ட வந்திருந்தால் ஒன்றுக்கும் காத்திருக்க வேண்டாம். கழற்றிய டிஸ்கை யூஎஸ்பி கேசிங்குக்குள் போட்டு, சிநேகிதியின் லேப்டொப்பில் கொழுவி, புரொஜெக்ட் ஃபோல்டரைப் பிரதி எடுக்கலாம். டிஸ்க் எம்.2 எஸ்எஸ்டி என்றால் கேசிங் வேறு, வாங்கும்போது டிஸ்கைக் கடையில் காட்டி வாங்குங்கள். பிட்லொக்கர் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்கத் திறவுச்சொல் கேட்கும், அது மகளின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கலாம். கடைசியில் கார்ட்தான் போயிருந்தாலும், புரொசசருக்குள் கிராஃபிக்ஸ் இருந்தால் கார்ட் இல்லாமலே அந்தப் பெட்டியில் எழுதலாம், புரோகிராம் செய்யலாம். புதுக் கார்ட் வாங்குவதா வேண்டாமா என்பதை அவர் பரீட்சை முடிந்து வந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம்.